நின்னுச்சா இல்லையா?

சவப்பெட்டி மூன்றாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

“தலைப்பக்கம் தூக்குங்கப்பா! இன்னும்! இன்னும்!” என்றார் காண்டிட். அவர் எதையும் தூக்கவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில், சில படிகள் கீழே நின்றபடி, தூக்குகிறவர்களுக்கு ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தார். தொப்பித் தொழிற்சாலையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையை இழுத்து மூடி எத்தனையோ வருடமாயிற்று. துணை இயக்குநரை மூட யாராலும் முடியவில்லை.

லிஃப்டில் மூன்று பேர் நிற்கலாம், ஒருவர் படுக்க முடியாது. புக்கரெஸ்டில் இந்த பிளாக்கைக் கட்டியவர்கள் வாசலுக்கு இத்தாலியச் சலவைக்கல் போட்டார்கள், மாடத்துக்குப் பித்தளைக் கம்பி போட்டார்கள். உள்ளே குடியிருப்பவர்கள் சாகவும் கூடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

“நேரா நிமித்திடலாம். வேற வழியில்லை,” என்றான் ரெமுஸ், பெட்டியின் அடியிலிருந்து. டூரினில் கார் பழுது பார்ப்பவன், இறந்தவரின் மகன். முந்தின நாள் மாலைதான் வந்து இறங்கியிருந்தான்.

பூவேலை செய்த இரண்டு துண்டுகளால் கிழவரை மார்பிலும் முழங்காலிலும் பெட்டியோடு சேர்த்துக் கட்டினார்கள். மூடி வழக்கப்படி மூன்று நாளாகத் தெருவாசலில் சாய்ந்து நின்றது. ஆகவே, பெட்டியை நிமிர்த்தியபோது பொம்பிலியு தன் எண்பத்தோரு வயதோடும் கறுப்பு சூட்டோடும், கைகளைக் கட்டிக்கொண்டு, டிராமுக்குக் காத்திருப்பவர்போல மாடிப்படியில் நின்றார்.

“பாருங்கய்யா! செத்தும் நிக்கிறார் மனுஷன்!” என்றார் காண்டிட். சொன்ன பிறகு அது அவருக்கே பிடித்துப்போயிற்று. “பிளாக்கும் நின்னுச்சு, அவரும் நின்னுட்டார்!”

பின்னால் மெழுகுவர்த்தியோடு வந்துகொண்டிருந்த ஒக்டாவியா அந்த வார்த்தையைக் கேட்டு நிமிர்ந்தாள். அது அப்பாவின் வார்த்தை. நாற்பதாம் வருஷம் பூமி ஆடியது, பிளாக் நின்றது. எழுபத்தேழில் ஆடியது, எதிர்வரிசைக் கட்டடம் தட்டில் வைத்த அப்பளம்போல நொறுங்கி உட்கார்ந்தது, இது நின்றது. எண்பத்தாறு, தொண்ணூறு, எல்லாவற்றுக்கும் நின்றது. யாராவது சந்தேகம் கிளப்பினால் அப்பா சுவரைத் தட்டிக் கேட்பார்: “நின்னுச்சா இல்லையா?” அவர் எப்போதும் மெதுவாகத்தான் தட்டுவார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அந்தச் சுவரில், மூன்றாம் மாடியிலிருந்து கீழே வரை, விரல் நுழையும் விரிசல் ஒன்று எழுபத்தேழிலிருந்து இருக்கிறது. மேலிருந்து வந்த உத்தரவு, “மூடு, வெள்ளையடி” என்பது. அப்போது கட்டுமான மேற்பார்வையாளராக இருந்த அப்பா மூடினார், வெள்ளையடித்தார். விரிசலுக்கு உத்தரவு வரவில்லைபோல, அது திரும்ப வந்தது. பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஜிப்சம் வைத்து ஒட்டினார். கட்டடக்காரர்கள் பாஷையில் அதற்குச் சாட்சி என்று பெயர். சுவர் அசைந்தால் சாட்சி உடையும். சாட்சி முழுசாக இருந்தால் சுவர் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அப்பாவின் கட்டம் கட்டமான எழுத்தில் தேதி: 12 மே 1991.

மாநகராட்சி எஞ்சினியர்கள் அவ்வப்போது வருவார்கள். டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். “சாட்சி முழுசா இருக்கு” என்பார்கள். அப்பா தரும் பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டுப் போவார்கள். அதனால்தான் பக்கத்து பிளாக்கின் வாசலில் அடித்திருக்கும் சிவப்பு வட்டம் இங்கே இல்லை. அடுத்த பெரிய ஆட்டத்தில் விழப்போகிறது என்று அதற்கு அர்த்தம். அதை அடித்துவிட்டால் வீட்டை வாங்க ஆள் வராது, வேடிக்கை பார்க்கத்தான் வரும்.

இப்போது அப்பாவின் மூக்குக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் இருந்த சாட்சி இரண்டாக உடைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை விரான்ச்சா மலைக்கடியில் பூமி கொஞ்சம் புரண்டு படுத்தது. ஊரே தலைக்கு மேல் தொங்கும் சரவிளக்கைப் பார்த்தது, பிறகு போனைப் பார்த்தது, பிறகு சூப்பைக் குடித்தது. புதன்கிழமை காலை அப்பா இந்தச் சுவரடியில் கிடந்தார். பக்கத்தில் பாதியாக வெட்டிய ரப்பர் பந்து, அதில் குழைத்த ஜிப்சம் இறுகிப்போய், நடுவில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. டாக்டர் மாரடைப்பு என்றார். காண்டிட் கடமை என்றார்.

“இங்க கண்ணாடி உடைஞ்சிருக்கே,” என்றான் பெட்டி தூக்க வந்த கூலியாட்களில் ஒருவன்.

“பெட்டி இடிச்சுது,” என்றார் காண்டிட் உடனே. “இப்பத்தான் இடிச்சுது. எல்லாரும் பாத்தோம்ல?”

பெட்டி சுவரைத் தொடவே இல்லை.

“ஆமா, இடிச்சுது,” என்றான் ரெமுஸ், மூச்சு வாங்க.

ஒக்டாவியா மெழுகுவர்த்தியை இடது கைக்கு மாற்றினாள். அவள் கோட்டுப் பைக்குள் விரல்கள் ஒரு கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தன. புதன்கிழமை அப்பாவைக் குளிப்பாட்டும்போது சட்டைப் பையிலிருந்து எடுத்தது. நுண்ணோக்கியில் வைக்கிற கண்ணாடித் துண்டு, ஓரத்தில் எழுதுவதற்காக மங்கலாக்கிய பட்டை உள்ளது. அவள் உயிரியல் பாடம் எடுக்கும் பள்ளியின் ஆய்வகத்துச் சரக்கு. “மேஜை ஆடுதும்மா, காலுக்கு அடியில வைக்க வேணும்” என்று அவ்வப்போது ஒரு டப்பா கேட்பார். “அந்த மேஜைக்கு எத்தனை காலுப்பா?” என்று அவள் கேலிகூடச் செய்திருக்கிறாள். மங்கல் பட்டையில் பென்சிலால் எழுதியிருந்தது: 12 மே 1991. அந்தப் பள்ளிக்கூடம் அந்தக் கண்ணாடியை வாங்கியது சென்ற செப்டம்பரில்.

கல்லறையில் காண்டிட் பேசினார். பாதிரியாரைவிட நீளமாகப் பேசினார். “நம்ம பிளாக்கின் தூண் சாய்ந்துவிட்டது!” என்று அவர் குரலை உயர்த்தியபோது அக்கம்பக்கத்தார் சிலர் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கீழ்த்தளத்துச் சூதாட்டக் கடைக்காரன் இடத்தை அகலப்படுத்துவதற்காக நிஜமாகவே ஒரு தூணை எடுத்துவிட்டான் என்று பேச்சு உண்டு. அதற்கு சங்கம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. சங்கத் தலைவரின் மருமகன்தான் கடைக்காரன்.

வீட்டுக்குத் திரும்பி மேஜை போட்டார்கள். மீன், முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சர்மாலே, சீனி தூவிய கோதுமைக் கொலிவா. குடிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தரையில் ஒரு சொட்டுச் சாராயம் சிந்தினார்கள், செத்தவருக்கு. காண்டிட் மிகச் சிறிய சொட்டாகச் சிந்தினார்.

சமையலறையில் ரெமுஸ் அந்த ரப்பர் பந்தைக் கழுவுதொட்டிமேல் வைத்து உள்புறம் வெளியாகத் திருப்பினான். இறுகிய ஜிப்சம் ஒரு மொட்டைத் தலைபோல விழுந்து உருண்டது. வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்புப் பந்து. ஒக்டாவியா சின்ன வயதில் விளையாடியது.

“அக்கா, ஸ்கூல்ல அந்தக் கண்ணாடி இன்னும் இருக்குமில்ல?”

“எதுக்கு?”

“திங்கக்கிழமை எஞ்சினியர் வர்றான். அடுத்த நாள் அந்தப் பல் டாக்டர் வீட்ட வாங்கறதுக்குப் பாக்க வர்றார். நாளைக்கே ஒண்ணு ஒட்டிட்டா காஞ்சிடும். அப்பா பண்ணினதுதானே.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். “உனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும்க்கா. ஜிப்சம் வாங்கிக் குடுக்கிறதே தலைவர்தான். நீ ஒருத்திதான் மேஜைக்காலுன்னு நம்பிட்டிருந்த.”

“எத்தனை தடவை மாத்தியிருப்பார்?”

“அத யார் எண்ணினா?” அவன் கைகளைத் துடைத்தான். “அப்படிப் பாக்காதக்கா. சிவப்பு வட்டம் அடிச்சா என்ன ஆகும்? பலப்படுத்தறேன்னு நம்மள வெளிய அனுப்புவான். பக்கத்து பிளாக் ஜனம் ஊருக்கு வெளிய தற்காலிக வீட்டுல கெடக்குது, பாதிப் பேர் அங்கயே செத்தும் போயாச்சு. அப்பா தன் கட்டில்ல சாகணும்னு நெனச்சார்.”

“மாடிப்படியிலதானே செத்தார்.”

அவன் துண்டை ஆணியில் மாட்டினான்.

“ஆறாம் மாடிக்குத் தெரியுமா?”

ரெமுஸ் பந்தைக் குழாயில் காட்டிக் கழுவத் தொடங்கினான். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. “அவங்க இப்பத்தானே வந்தாங்க,” என்றான்.

ஆறாம் மாடிக்காரி சிமினா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் காலித் தட்டு. முப்பது வயதிருக்கும். கணவன் ஜெர்மனிக்கு லாரி ஓட்டுகிறவன், வீட்டில் இருப்பதைவிட வழியில் இருப்பதே அதிகம். இரட்டைக் குழந்தைகள் மேலே அவள் தங்கையிடம் தூங்கிக்கொண்டிருந்தன.

“டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? அந்தச் சாட்சிய... பெட்டிதான் இடிச்சுதா?”

ரெமுஸ் குழாயை மூடினான். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் வீடு திடீரென்று சின்னதாகிவிட்டது.

“இல்ல, எதுக்குக் கேக்கறேன்னா,” என்றாள் சிமினா, “வீடு வாங்கறப்ப உங்க அப்பாதான் என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். ‘பாரும்மா, தொண்ணூத்தொண்ணுல வச்சது, ஒரு கீறல் உண்டா?’ன்னார். நான் மத்த பிளாக்கெல்லாம் பயந்துதான் விட்டேன். இங்க அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம்.”

“பெட்டிதான் இடிச்சுது,” என்றான் ரெமுஸ். “நாந்தான் தூக்கிட்டிருந்தேனே. எனக்குத் தெரியாதா?”

சிமினா அவனைப் பார்க்கவில்லை. ஒக்டாவியாவைப் பார்த்தாள். டீச்சரைப் பிள்ளைகள் பார்க்கிற பார்வை அது, விடை வரும் என்கிற நம்பிக்கையோடு. ஒக்டாவியா அவள் கையிலிருந்த தட்டை வாங்கித் தொட்டியில் வைத்தாள். “கொலிவா சாப்பிட்டியாம்மா?” என்றாள்.

இந்த வீட்டில் பாதி ஒக்டாவியாவுடையது. விவாகரத்தில் அவளுக்கு மிஞ்சியது ஒரு பெட்டி துணியும் ஒரு நுண்ணோக்கியும். பல் டாக்டர் வாங்கினால் எங்காவது ஒரு சின்ன வீட்டில், தன் பெயரில், கதவைச் சாத்திக்கொள்ளலாம். சிவப்பு வட்டம் வந்தால் அந்தக் கதவு இல்லை. அப்பா பெயரும் இல்லை.

சாப்பாடு முடிந்ததும் கொடை கொடுக்கும் நேரம் வந்தது. செத்தவர் போன இடத்தில் எதுவும் குறைவில்லாமல் இருக்க, வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை, உள்ளே மெழுகுவர்த்தி, ஒரு ரொட்டி. கொடுப்பவர், “இது அவருக்குப் போய்ச் சேரட்டும்” என்பார். வாங்குபவர், “கடவுள் அவரை மன்னிக்கட்டும்” என்று சொல்ல வேண்டும். மறுக்கக் கூடாது.

முதல் கோப்பை தலைவருக்கு. “கடவுள் அவரை மன்னிக்கட்டும்!” என்று காண்டிட் முழங்கினார். மன்னிப்பை முன்நின்று பெற்றுத்தரும் குரல். பிறகு கோப்பையைக் கவிழ்த்து எந்த ஊர்த் தயாரிப்பு என்று பார்த்தார். “நல்ல சரக்கு,” என்றார்.

ஒவ்வொருவராக வாங்கினார்கள். ஒவ்வொருவராக மன்னிக்கச் சொன்னார்கள்.

சிமினாவின் முறை வந்தது. ஒக்டாவியா கோப்பையில் மெழுகுவர்த்தியை வைத்தாள். கோட்டு ஆணியில் தொங்கியது. அதன் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து, அதையும் கோப்பைக்குள் போட்டாள். கண்ணாடியும் பீங்கானும் உரசிச் சின்னதாகச் சத்தம் கேட்டது.

“இது அவருக்குப் போய்ச் சேரட்டும்,” என்றாள்.

சிமினா கோப்பைக்குள் பார்த்தாள். கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தேதியைப் படித்தாள். திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் அதன் ஓரத்தைத் தடவினாள். தூசியில்லை, ஜிப்சம் இல்லை, கடையில் வெட்டிய கூர்மை அப்படியே இருந்தது. மறுபடியும் தேதியைப் படித்தாள்.

ஒக்டாவியா காத்திருந்தாள். ரெமுஸ் மேஜை விரிப்பின் பூவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிமினா எதுவும் சொல்லாமல் வெளியே போனாள்.

“பாத்தீங்களா?” என்றார் காண்டிட். “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு வழக்கம் தெரியுதா? வாயத் தெறந்து ஒரு வார்த்த. நம்ம பொம்பிலியு அங்க என்ன நெனப்பார்?” அவர் இன்னொரு சர்மாலே எடுத்துக்கொண்டார். பொம்பிலியுவோடு தனக்கிருந்த முப்பதாண்டு நட்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த நட்பில் பெரும்பாலும் காண்டிட்தான் இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். பிறகு மாடிப்படியில், டக், டக் என்று ஏதோ ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கியது. இரட்டைக் குழந்தை வண்டி. அதுவும் இந்த லிஃப்டில் நுழையாது.

மேஜைக்கு மேலே சரவிளக்கின் கண்ணாடிச் சொட்டுகள் லேசாக ஒன்றோடொன்று உரசின.

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காண்டிடின் முட்கரண்டி பாதி வழியில் நின்றது. வாயில் வார்த்தை நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, விளக்கை மட்டும் பார்த்தார்கள். சத்தம் அவர்கள் கதவைக் கடந்தது. ஒரு குழந்தை சிணுங்கியது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றமாதிரி இருந்தது. பிறகு, டக், டக் என்று மறுபடியும் இறங்கிப்போய், தெருக்கதவோடு முடிந்தது.

சொட்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின.

“நின்னுடுச்சு,” என்றார் காண்டிட், விளக்கைப் பார்த்தபடி. முட்கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

ஒக்டாவியா எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பு அலமாரிமேல் கோப்பை இருந்தது, உள்ளே மெழுகுவர்த்தி, பக்கத்தில் ரொட்டி. கண்ணாடி இல்லை.