பன்னிரண்டாம் கட்டில் போட்ட மார்க்

காலை ஏழரைக்கு இரண்டு நர்சுகள் கட்டில் கட்டிலாக வருவார்கள். இரவு பார்த்தவள் விவரம் சொல்லி, பகலுக்கு வந்தவளிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். நோயாளியும் கூட இருந்து கேட்கலாம் என்பது புது ஏற்பாடு. பன்னிரண்டாம் கட்டில்காரர் ஏழு மணிக்கே தலை சீவிக் காத்திருந்தார். முப்பது வருஷம் சட்டைக் கம்பெனியில் செக்கராக இருந்தவர். இடது காதை மெஷின் சத்தத்துக்குக் காவு கொடுத்தவர். இரவு நர்ஸ் மறக்காமல் வலது பக்கம் வந்து நின்றாள்.

"ஐயாவுக்குக் கால் புண்ணுக்குக் கட்டு மாத்தியாச்சு. அந்த மஞ்சள் மாத்திரை ஒத்துக்கல, உடம்பெல்லாம் தடிச்சிருச்சு. யாரும் குடுத்துடாதீங்க." அவரிடம் திரும்பினாள். "ஏதாச்சும் விட்டுட்டேனாய்யா?"

"தலைகாணி."

"ஆமா, காலுக்குக் கீழ ரெண்டு தலைகாணி."

அவரைப் பற்றி அவரிடமே கேட்கிற ஆள் அந்த வார்டில் இவள் ஒருத்திதான். இந்த மாதத்தோடு அவளுடைய காண்ட்ராக்ட் முடிகிறது. நோயாளிகள் போடுகிற மார்க்கைப் பார்த்துத்தான் நீட்டிப்பார்களாம். நேற்று அவர் துருவித் துருவிக் கேட்டதால் சொன்னாள்.

மேற்பார்வை அம்மா மார்க் போடுகிற தாளோடு வந்தார். "எழுதும்போது நீ பக்கத்துல நிக்கக் கூடாது," என்று அவளை வாசலுக்கு அனுப்பினார்.

ஐந்து கேள்விகள், கொட்டை எழுத்தில். எதிரே ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள். உச்சியில் இரண்டு வரி பொடி எழுத்து. அதற்குக் கண்ணாடி வேண்டும், அது வீட்டில் இருந்தது. மார்க் போடுவதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பெனியில் பழுதில்லாத சட்டைக்கு மார்க் ஒன்று. கிழிசலுக்கும் கறைக்கும் ஐந்து, நேராகக் கழிவு மூட்டைக்கு. முதலாளியே கெஞ்சினாலும் லேசில் ஒன்று போடாத கை, ஐந்து கேள்விக்கும் ஒன்றையே வட்டமிட்டது.

"போட்டுட்டேம்மா! இனிமே உன்னை எவனும் அசைக்க முடியாது!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். அவள் சிரித்துக்கொண்டே கும்பிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை மாதம் பிறந்திருந்தது. புதிதாக வந்த இரவு நர்ஸ் அவருடைய இடது பக்கம் நின்று, தாளைப் பார்த்து மடமடவென்று ஒப்பித்தாள். பாவம், முப்பது கட்டில் அவள் தலையில். அவருக்கு "பன்னிரண்டு" மட்டும் கேட்டது. மேசைமேல் கிண்ணத்தில் ஒரு மஞ்சள் மாத்திரை இருந்தது.

"பழைய பொண்ணு எங்கம்மா?"

அவள் குனிந்து சத்தமாகச் சொன்னாள். "நிறுத்திட்டாங்கய்யா. யாரோ எல்லாத்துக்கும் ரொம்ப மோசம்னு போட்டுட்டாங்களாம்."

"எந்தப் பாவி அவன்?" அவர் எழுந்து உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணுக்கா மோசம்னு போட்டான்? கை வெளங்குமா அவனுக்கு?"

அப்போது வந்த மேற்பார்வை அம்மா, புது நர்சுக்கு மார்க் போடச் சொல்லித் தாளை நீட்டினார். பற்றிக்கொண்டு வந்த ஆத்திரத்தில் வரிசையாக ஐந்து, ஐந்து, ஐந்து என்று தாள் கிழிகிற மாதிரி வட்டமிட்டுக் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அதைக் கொண்டுபோய், வார்டு வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டினார். மாத்திரை கிண்ணத்தில் அப்படியே இருந்தது.