துவரங்குளத்துக்கு எட்டுகிற குழாய்

ஆவாரம்பட்டி அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வருசாவருசம் எட்டயபுரத்திலிருந்து மைக்செட் வாடகைக்கு வரும். மைக்செட்காரன் வருகிற தோரணையைப் பார்த்தால் பெண் எடுத்த மாப்பிள்ளை தோற்றுப்போவான். அவனுக்குக் கோழி அடித்துப் போட வேண்டும், கயிற்றுக்கட்டில் போட வேண்டும், அப்புறம் அவன் மனசு வைத்தால்தான் ஒலிபெருக்கிக் குழாய் பாடும். போன கொடையில் சாமி ஆடுகிற நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்துபோச்சு என்று கையை விரித்துவிட்டான். ஊருக்குப் பொறுக்கவில்லை. நமக்கென்று ஒரு செட் வாங்கியே தீருவது என்று கூடிப் பேசினார்கள். வீட்டுக்கொரு ஆடு விற்றார்கள். வாங்கிவரும் பொறுப்பைச் சீனியிடம் கொடுத்தார்கள்.

சீனிக்கு ஆட்டை அதட்டி அதட்டிப் பழுத்த தொண்டை. கண்மாயின் இந்தக் கரையில் நின்று குரல் கொடுத்தால் அந்தக் கரையில் கிடை காக்கிறவன் எழுந்து உட்காருவான். கொடை நாளில் மைக்கைப் பிடித்து நன்கொடை வாசிக்கிறவரும் அவர்தான். அந்தக் குரலை ஊர் பெருமையாகச் சொல்லும். ஆனால் அவருக்கு அந்த வருசம் பெருமையில் நாட்டமில்லை. அவர் மனசெல்லாம் துவரங்குளத்தில் கிடந்தது.

துவரங்குளம் கிழக்கே மூன்று மைல். நடுவில் ஓர் ஓடை, மற்றதெல்லாம் கரிசல்காடு. அங்கேதான் அவருடைய ஒரே மகள் செண்பகவல்லியைக் கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆவாரம்பட்டி ஆடுகள் துவரங்குளத்துச் சோளத்தில் விழுந்து மேய்ந்துவிட்டன. அவர்கள் ஆட்டைப் பிடித்துக் கட்ட, இவர்கள் அவிழ்க்கப் போக, வாய்ச்சண்டை அரிவாளில் முடிந்து ஒருத்தனுக்குத் தோளில் வெட்டு. கேஸ் கோவில்பட்டி கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரை இந்த ஊர் ஆம்பிளை அந்த ஊர் எல்லையை மிதிக்கக் கூடாது, அந்த ஊர் ஆம்பிளை இங்கே வரக் கூடாது என்று போலீசில் இரண்டு பக்கமும் எழுதி வாங்கியிருந்தார்கள். செண்பகவல்லியின் மாமனார் அதற்கும் ஒரு படி மேலே போனார். கேஸ் முடிகிற மட்டும் மருமகளை நல்லதுக்கு அனுப்ப மாட்டோம், கெட்டது கேட்டால் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார்.

செண்பகவல்லிக்குப் பிள்ளை பிறந்து ஏழெட்டு மாசம் ஆகிவிட்டது. ஆத்தாக்காரி சுந்தரம்மாள் பேரன் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இழுப்பு. வாசலில் இருந்து அடுப்படி வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கும், மூன்று மைலை எங்கே நடப்பது? வண்டி கட்டினால் ஓட்டுகிறவன் ஆம்பிளை. பாவம், கட்டிலில் கிடந்தபடி கிழக்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சீனி கோவில்பட்டிக்குப் புறப்பட்ட அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எது வாங்கினாலும் நம்ம மகளுக்கு எட்டுததாப் பாத்து வாங்குங்க."

கோவில்பட்டியில் அப்துல் ரவூப் கடையில் ரேடியோவும் மைக்செட்டும் விற்பனைக்கு இருந்தன. சுந்தரம்மாளின் தம்பி கிட்டுவையும் கூட்டிக்கொண்டு சீனி போனார். ரவூப் இரண்டு ஆம்ப்ளிபயர் எடுத்துவைத்தார். ஒன்று சின்னது, பட்டணத்துச் சரக்கு, பளபளவென்று அடக்கமாக இருந்தது. மற்றது மதுரையில் ஒருத்தர் கையால் கூட்டிச் சேர்த்தது. வால்வு கூட, எடை கூட, விலையும் கூட. இரண்டையும் கடைக்குள்ளேயே பாடவிட்டுக் காட்டினார். சீனிக்கு அது ஒத்துவரவில்லை. மாட்டைத் தொழுவத்தில் கட்டிவைத்துக்கொண்டு உழவு பார்க்க முடியுமா என்று கேட்டார். ரவூப் நல்ல மனுசர். சிரித்துக்கொண்டே, இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டார்.

கண்மாய்க்கரைப் பனையில் குழாயைக் கிழக்குப் பார்த்துக் கட்டினார்கள். சீனி மைக்கில் பேசிக்கொண்டே இருக்க வேண்டியது, கிட்டு கிழக்கே நடந்துகொண்டே இருக்க வேண்டியது. சத்தம் எங்கே அறுகிறதோ அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டு வர வேண்டியது. வேறு எந்த அளவும் அவர்களுக்குத் தெரியாது. முதலில் சின்னப் பெட்டி. கிட்டு ஓடை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, சீனி பேசியதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். ஓடையோடு சத்தம் நின்றுவிட்டதாம். அடுத்து பெரிய பெட்டி. போட்டதும் பனையில் இருந்த கிளிகள் பறந்துபோயின. ஓடையில் நின்றால் பக்கத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்ததாம். அதற்குமேல் போனால் அந்த ஊர் எல்லை என்று திரும்பிவிட்டான், ஆனாலும் சத்தம் வெகுதூரம் போயிருக்கும் என்றான். கூடவே ஒரு சேதி சொன்னான்.

"சத்தம் மட்டும் நல்லாக் கேக்கு மச்சான். நீரு பேசினீரா, ஏசினீரா, அதுதான் தெரியல."

ஊர் சிரித்தது. ரவூப் சிரிக்கவில்லை. சீனியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, எனக்கு யாவாரம் குறைஞ்சாலும் சொல்லிருதேன். பெரிய பெட்டி பாட்டுக்கு ஆகும். தூரத்துல போனா பேச்சு குழைஞ்சிரும். பேசுததுக்குன்னா சின்னதை எடுத்துக்கோங்க."

"ஓடை வரைக்கும் தெளிவாக் கேட்டு என்ன செய்ய, பாய்? ஓடையில எனக்கு யாரு இருக்கா?"

ரவூப் பெரிய பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சின்னதைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஊர் ஊராக வளையல் கொண்டுபோகிற நூருன்னிசாவுக்குக் கேஸும் கிடையாது, எல்லையும் கிடையாது. மறுவாரம் துவரங்குளம் போய்விட்டு ஆவாரம்பட்டிக்கு வந்தவள் நேரே சுந்தரம்மாளின் கட்டிலுக்கு வந்தாள். செண்பகவல்லிக்குக் குழாய்ச் சத்தம் கேட்டதாம். அய்யா குரல் கேட்குது, தினமும் பேசச் சொல்லுங்க என்று சொல்லி அனுப்பியிருந்தாளாம். சுந்தரம்மாளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. இருமி இருமிச் சிரித்தாள். சீனிக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு நூருன்னிசா வேறு திக்குப் போய்விட்டாள். கொடைவரைக்கும் அந்தப் பக்கம் அவளுக்கு வேலையில்லை.

அன்றையிலிருந்து ஆட்டைப் பட்டியில் அடைத்ததும் சீனி மைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். பேட்டரி வீணாகுதே என்று கிட்டு முனகுவான், தடுக்க மாட்டான். என்ன பேச வேண்டும் என்று சுந்தரம்மாள் கட்டிலில் கிடந்தபடி சொல்லி அனுப்புவாள். பிள்ளைக்கு வசம்பு உரசிப் போடு. வெயிலில் தூக்கிக்கொண்டு அலையாதே. கறுப்பாடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கு. இப்படித்தான். துவரங்குளத்துப் பேரனின் வயிற்றுப்போக்கு ஆவாரம்பட்டி முழுக்கத் தெரிந்த விசயமாகிவிட்டது. தண்ணிக்குப் போகிற பெண்கள், இன்றைக்கு மாமா என்ன மருந்து சொல்லப் போறாரோ என்று கேலி பேசுவார்கள். சீனிக்கு அது கேலியாகவே படவில்லை. பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சுந்தரம்மாள், எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா என்று கேட்பாள். சொல்லிட்டேன் என்பார். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள்.

சித்திரை பிறந்தது. கொடைக்கு ஒரு வாரம் இருந்தது. நூருன்னிசாவும் கொடை வளையலோடு வந்து ஊரில் தங்கியிருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில் சுந்தரம்மாளின் மூச்சு நின்றுவிட்டது. போகிறபோது துன்பப்படவில்லை, அதுவரைக்கும் அம்மன் புண்ணியம்.

சொந்தபந்தத்துக்குத் துட்டி சொல்ல ஆள் போனது. துவரங்குளத்துக்கு யார் போவது என்று பேச்சு வந்தபோது நூருன்னிசா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஒரு எட்டுல போய்ச் சொல்லிட்டு வாரேன் அண்ணாச்சி."

சீனி வேண்டாம் என்றார். அவள் போய்ச் சேர்வதற்குள் குழாய் சொல்லிவிடும், மகள் பாதி வழி வந்திருப்பாள் என்றார். அவர் அதை மனசார நம்பினார். தினமும் கேட்கிற பிள்ளைக்கு இன்றைக்குக் கேட்காதா?

கிட்டு அவரைக் கைத்தாங்கலாகக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப் போனான். அங்கே வைத்து ஒன்று சொன்னான்.

"மைக்கைப் பிடிச்சிக்கிட்டு அழுதிராதேயும் மச்சான். அழுதா பேச்சு வெளங்காது."

சீனி பல்லைக் கடித்துக்கொண்டார். துண்டை வாயில் வைத்து ஒரு தடவை அழுத்திக்கொண்டு, தொண்டையைச் செருமிச் சரிபண்ணிக்கொண்டு, நன்கொடை வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். துவரங்குளம் செண்பகவல்லிக்கு அய்யா சொல்லுதேன். ஆத்தா போயிட்டா. உடனே பெறப்பட்டு வா. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஒரு இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. துட்டிக்கு வந்தவர்கள், கல்நெஞ்சுக்காரன்தான் போ என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர் நெஞ்சு என்ன பாடுபட்டதென்று அவருக்குத்தான் தெரியும்.

உச்சி வெயில் ஏறியது. கிழக்கே வண்டிப்பாதையில் காக்கா குருவி இல்லை. சித்திரை வெயிலில் பிணத்தை எவ்வளவு நேரம் போட்டுவைக்க முடியும்? பெரியவர்கள் எடுத்துவிடலாம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று சீனி மறுபடி மைக்குக்குப் போனார். வெயில் தாழ்ந்தது. நூருன்னிசா மறுபடியும் வந்து நின்று, இப்பவாவது போகட்டுமா என்று கேட்டாள். அப்போதாவது அவர் சரி என்று சொல்லியிருக்கலாம். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. கெட்டதுக்கு அனுப்புகிறோம் என்று சம்பந்தி சொன்ன சொல் இருக்கிறது. ஆகையால் வராதது மகளின் குற்றம்தான் என்று அவருக்குப் பட்டது.

"கேட்டும் வராதவளை ஆள் விட்டுக் கூப்பிடணுமோ? வேண்டாம் தாயி. எடுங்கப்பா."

எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சுமந்து பெற்ற ஒரே மகள் கையால் வாய்க்கரிசி வாங்காமல் சுந்தரம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்க் காடாற்றிவிட்டு வந்து சீனி வெறும் கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நூருன்னிசா விடிந்ததும் யாரிடமும் கேட்காமல் துவரங்குளம் போயிருந்தாள். வெயில் ஏறுகிற நேரம் தெருவில் ஓட்டமும் அலறலுமாகச் சத்தம் கேட்டது. செண்பகவல்லி இடுப்பில் பிள்ளையோடு, தலை அவிழ்ந்து, காலெல்லாம் புழுதியாக வந்து கட்டில்மேல் விழுந்தாள். பெண்கள் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள். சீனி எழுந்திருக்கவில்லை.

"நேத்து வராதவ இன்னைக்கு எதுக்கு வந்தே?"

"நூருன்னிசாக்கா வந்து சொன்ன பெறவுதான அய்யா எனக்குத் தெரியும்."

"பொழுது விடிஞ்சதுல இருந்து கத்தினேனே. உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். குரல் மட்டும்தான் அங்கன வருமாம். ஒரு நாளும் ஒரு வார்த்தைகூட விளங்கினதில்லையாம். விளங்கவில்லை என்று சொல்லி அனுப்பினால் அய்யா பேசுவதை நிறுத்திவிடுவார் என்று பயந்து கேட்குது என்று மட்டும் சொல்லி அனுப்பினாளாம். குரல் வந்ததும் அடுப்பை அமத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாளாம். அது போதும் என்று இருந்தாளாம்.

"நேத்து ரொம்ப நேரம் பேசினீங்க. கொடைக்கு என்னமோ சொல்லுதீங்கன்னு நினைச்சேன். தாத்தா பேசுதாக, ஆச்சி பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்கான்னு பிள்ளைகிட்டச் சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தேன்."

 அழுதுகொண்டே அவர் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டாள்.

"ஒரு வாட்டி அழுதிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமே அய்யா. ஓடியாந்திருப்பேனே."

சீனி மகளின் தலையில் கையை வைத்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அத்தனை பெரிய குரல்காரர், வாயைத் திறந்தும் சத்தமே எழும்பவில்லை.