தேய்ந்து தீர்ந்த என்ஜின்

சிவப்பு வண்டியின் என்ஜினைத் திறந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. பிஸ்டன் இல்லை, அதைத் தாங்கும் ராடு இல்லை, அடியில் சுழல வேண்டிய கிராங்க் இல்லை. நான்கு சிலிண்டர்களும் கழுவி வைத்த டம்ளர்கள் போலச் சுத்தமாக இருந்தன. எட்டிப் பார்த்தவனுக்கு அடியில் தேங்கிய எண்ணெயும் அதில் தன் முகமும் தெரிந்தன. முந்தின நாள்தான் அந்த வண்டி மலை ஏறி இறங்கியிருந்தது. அன்று காலையில்கூட வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு, யாரும் தள்ளாமல் இழுக்காமல், வழியில் ஒரு பேருந்தை முந்திக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

எட்டிப் பார்த்தவன் காதுக்காரன். அது அவனுக்கு ஊர் வைத்த பட்டம். ஓடுகிற என்ஜின்மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் பொருத்திக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றான் என்றால் உள்ளே எது தேய்கிறது, எது உரசுகிறது என்று சொல்லிவிடுவான். சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியாக இல்லாத நாட்களில் வண்டிக்காரர் மேல் தப்பு என்று சாதித்துவிடுவான். சிவப்பு வண்டி அவனுடைய மனைவியுடையது. தாழ்வான, இரண்டே கதவுள்ள, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ வைத்த பந்தயச் சாதி வண்டி. காலை அழுத்தினால் டர்போ ஒரு விசில் அடிக்கும், அந்த விசில் கேட்டால் தெருவில் ஆட்கள் தானாக ஓரம் ஒதுங்குவார்கள். அதனால் அவளுக்கு விசிலக்கா என்று பெயர் நிலைத்துவிட்டது. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவள் பந்தயம் எதுவும் ஓட்டவில்லை, மருந்து ஓட்டினாள். கடலோர நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் ஊசி மருந்து ஒன்றைச் செய்தது. உடம்புக்குள் போனால் கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று படத்தில் விளக்குப் போட்டுக் காட்டும் மருந்து. அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம். பிறந்த கணத்திலிருந்து சாகத் தொடங்கிவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். மலை மேலிருந்த மருத்துவமனைக்கு அதைச் சாதாரண வண்டியில் அனுப்பினால் போய்ச் சேர்வது வெறும் தண்ணீர்தான். ஆகவே கனமான ஈயப் பெட்டியைப் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்து, விசிலக்கா தினமும் மலை ஏறினாள். வண்டியின் கிலோமீட்டர் மானியில் ஒன்பதுகள் எல்லாம் தீர்ந்து ஒருமுறை பூஜ்யம் வந்தது. அவள் அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்து வெளியூருக்கு அனுப்பிவிட்டாள். மறுபடியும் பூஜ்யம் வந்தது.

இத்தனை தூரம் அந்த என்ஜின் தாங்கியதற்குத் தான்தான் காரணம் என்று காதுக்காரன் பெருமை பீற்றிக்கொள்வான். அதில் உண்மையும் இருந்தது. கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டான். காலையில் சூடேறும்வரை மிதிக்கக் கூடாது. ஓடி வந்ததும் சாவியைத் திருகக் கூடாது, டர்போ ஆறும்வரை சும்மா ஓடவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். என்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் முள் பாதி வட்டம் தாண்டக் கூடாது. விசிலக்கா இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், "சிவப்புக் கோடு வரைக்கும் ஒரே ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரேனே" என்றாள். அதற்கு அவன் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. வண்டிமேல் அவனுக்கு அவ்வளவு பயமா என்று ஊர் கேலி செய்தது. உண்மையில் அவனுக்கு வண்டியைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. மலைப்பாதையில், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற இடத்தில், என்ஜின் நின்றுபோய் அவள் தனியாக மாட்டிக்கொள்வாளே என்ற நினைப்புதான் அவனைத் தூங்கவிடவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே மடித்து வைத்த தாளை வெயிலில் விரித்துப் பார்ப்பான். இரும்பு தேய்ந்தால் அந்தத் தாளில் ஜிகினா போல மின்னும். முதல் பூஜ்யத்துக்கு முன்பு கொஞ்சம் மின்னியது. பிறகு நிறைய மின்னியது, அந்த ஒரு வருஷம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. தாள் பிள்ளைகளின் புது நோட்டுப் பக்கம் மாதிரி வெள்ளையாக வந்த அன்று அவன் ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "என்ஜின் தானா குணமாயிடுச்சுப்பா, தேய்மானம் சுத்தமா நின்னு போச்சு!" என்று அறிவித்தான். தேய்வதற்கு இனி மிச்சமில்லாததால்தான் தாள் வெள்ளையாக வருகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. வண்டி வரவரக் குறைவாகப் பெட்ரோல் குடித்தது. முன்பக்கம் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது. ஜாக்கி போட்டால் இரண்டே அழுத்தில் மேலே வந்தது. தன் கைக்கு வலு ஏறிவிட்டது என்று காதுக்காரன் நம்பினான். ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டால் எல்லாம் சீராகத்தான் கேட்டது. ஓடுகிற என்ஜினைத் திறக்கக் கூடாது என்பது அவன் கொள்கை, ஆகவே திறக்கவில்லை.

அவனைத் திறக்க வைத்தவர் மருந்துக் கம்பெனியின் அளவுக்காரர். இரண்டு முறை பூஜ்யம் கண்ட வண்டி என்றால் என்ஜினைத் திறந்து சிலிண்டர் தேய்மானத்தை அளக்க வேண்டும், அளவு தப்பினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வேகமான புது வேன் போட வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. எப்போதும் ஜலதோஷத்தோடு திரிகிற நல்ல மனிதர் அவர். அன்றைக்கு மட்டும் வேனில் மருந்தையும் விசிலக்காவையும் அனுப்பிவிட்டு, தன் அளவுக் கருவியை மெத்தென்ற பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றார். காதுக்காரன் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினான். இருவரும் குனிந்தார்கள். அளவுக்காரர் கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். டர்போவையும் கழற்றிப் பார்த்தார்கள். உறைக்குள் விசிறி இல்லை. காதை வைத்தால் ரொம்பச் சன்னமாக விசில் மட்டும் கேட்டது.

"இதுல நான் எதைங்க அளக்கறது?" என்றார் அளவுக்காரர், தும்மலுக்கு நடுவில்.

காதுக்காரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினமும் அவள் இந்த வெற்றுக் கூட்டை நம்பியா அத்தனை வளைவுகளையும் ஏறினாள் என்று நினைத்தான். போதும், இன்றோடு இந்த வண்டி மலை ஏறாது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு டர்போவைத் திருப்பி மாட்டினான், கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து விசிலக்கா ஈயப் பெட்டியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். கம்பெனி வேன் பக்கத்திலேயே, மலையடிவாரத்தில், ரேடியேட்டர் வெடித்து ஆவி விட்டுக்கொண்டு நின்றுவிட்டதாம். மேலே ஒரு தச்சர் விடிந்ததிலிருந்து பட்டினியாகக் காத்திருக்கிறாராம். மறுநாள் காலையில் அவருக்கு அறுவைச் சிகிச்சை, எங்கே அறுப்பது என்று இந்த மருந்து காட்டினால்தான் உண்டு.

"ஏற்கனவே பாதி போயிடுச்சுங்க. சீக்கிரம் மூடுங்க, நான் கெளம்பணும்!"

காதுக்காரன் சட்டென்று ஒரு துணியை எடுத்து என்ஜின்மேல் போர்த்தினான். வேறு வண்டி எதுவும் நேரத்துக்குப் போய்ச் சேராது என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். உள்ளே ஒன்றுமில்லை என்று சொன்னால் தச்சரின் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் அவள் கதை என்ன ஆகுமோ. அளவுக்காரரைப் பார்த்தான். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு காதுக்காரன் மூடினான். புது கேஸ்கட் வைத்து, போல்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு வருகிற முறைப்படி, சுற்றுச் சுற்றாக, அளவு பார்த்து முறுக்கினான். காலியை மூடினாலும் மூடுகிற முறையில் அவனால் குறை வைக்க முடியவில்லை. அவள் சாவியைத் திருகியதும் வண்டி ஒரே சொடுக்கில் ஸ்டார்ட் ஆனது. அவன் கதவைத் திறந்து, ஈயப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்களா? மலைக்கா? முதல் வளைவுலயே வாந்தி எடுப்பீங்களே!"

"எடுத்தா எடுக்கறேன். நீ ஓட்டு."

இத்தனை வருஷத்தில் அவன் அந்த வண்டியில் மலை ஏறியதே இல்லை. இப்போது கண்ணைத் திறந்தால் பள்ளம், மூடினால் வெறும் சிலிண்டர்கள் என்று மாறிமாறித் தெரிந்தன. லாரிகள் பின்னால் போயின, பாலங்கள் வந்த வேகத்தில் மறைந்தன, பாறைச் சுவர்களில் விசில் மோதித் திரும்பியது. அவள் அவனுக்காகவே முள்ளைப் பாதி வட்டத்தில் பிடித்து வைத்திருந்தாள். மேலே கடைசி ஏற்றம் வந்தது. பாதை சுவர் மாதிரி எழுந்து நிற்கிற இடம், நின்றால் பின்னோக்கித்தான் உருள வேண்டும். அங்கே அவனால் அடக்க முடியவில்லை.

"நிறுத்தும்மா! உள்ள ஒண்ணுமே இல்ல!"

அவன் சொன்ன மாத்திரத்தில் சத்தம் நின்றது. விசிலும் இல்லை, உறுமலும் இல்லை. டயர் உருளும் சத்தம் மட்டும் கேட்க, வண்டி வந்த வேகத்தில் மேட்டில் ஏறி, மெல்ல மெல்லத் தளர்ந்தது. முள் கீழே சாய்ந்தது.

"என்ன ஒண்ணும் இல்ல?" என்றாள் அவள்.

"பிஸ்டன் இல்ல. கிராங்க் இல்ல. எல்லாம் தேஞ்சு தீந்துடுச்சு. வெறும் கூடு. என்னால உன்கிட்ட சொல்ல முடியல, உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதான்.

வண்டி ஏறக்குறைய நின்றுவிட்டது. விசிலக்கா அவனை ஒரு தரம் பார்த்தாள். அவன் தனக்காக அழுது அவள் பார்த்ததில்லை. பிறகு அவள் முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்படின்னா இனிமே தேயறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க!"

"என்னது?"

"தேயறதுக்கே ஒண்ணுமில்லன்னா நான் யாருக்காகப் பாத்துப் பாத்து ஓட்டணும்? இத்தனை வருஷம் என் காலைக் கட்டிப் போட்டுட்டீங்களே மனுஷா! பெட்டியைக் கெட்டியாப் பிடிங்க!"

கிளட்சை மிதித்து, கியரைக் கீழே இறக்கி, காலைத் தரைவரை அழுத்தினாள். விசில் திரும்பி வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில்கூட அன்று அதைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். முள் பாதி வட்டத்தைத் தாண்டியது, சிவப்புக் கோட்டைத் தொட்டது, அதற்கு மேல் எண்களே இல்லாத இடத்துக்குப் போய் நிம்மதியாக நின்றது. சுமக்க இரும்பில்லாத வண்டி அந்தச் செங்குத்தை ஒரே மூச்சில் விழுங்கியது. விசிலக்கா சின்னப் பெண் மாதிரி கூவினாள். அவன் வாந்தி எடுக்க மறந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, தானும் கூவினான். இருவரும் சேர்ந்து கத்திக்கொண்டே மருத்துவமனை வாசலில் போய் இறங்கினார்கள். டர்போ ஆறட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. சாவியைத் திருகிவிட்டுப் பெட்டியோடு ஓடினாள். மருந்தில் கால்வாசிக்கு மேல் உயிர் இருந்தது, அது போதும் என்றார்கள். பசியில் ஊரையே திட்டிக்கொண்டிருந்த தச்சர் சட்டைக் கையைச் சுருட்டினார். படத்தில் ஈரலுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. மறுநாள் அதை எடுத்துவிட்டார்கள். அவர் இன்னமும் நாற்காலி செய்துகொண்டிருக்கிறார்.

கீழே வந்தபோது அளவுக்காரர் காத்திருந்தார். தேய்ந்த அளவு என்று கருவியில் எதுவும் காட்டாததால் தேய்மானம் இல்லை என்று முடிவு செய்து, வண்டிக்குத் தேர்ச்சி கொடுத்துவிட்டுத் தும்மிக்கொண்டே போனார். கம்பெனி வேனைத் திருப்பி எடுத்துக்கொண்டது. காதுக்காரன் நாலைந்து மாதம் பழக்கதோஷத்தில் எண்ணெய் மாற்றினான், பிறகு விட்டுவிட்டான். டயர்கள் மாறின. கதவுக் கீல்கள் மாறின. அவளுடைய மூக்குக் கண்ணாடி இரண்டு தடவை மாறியது. கிலோமீட்டர் மானி மூன்றாவது பூஜ்யத்தையும் தாண்டியது. அவன் இப்போது தினமும் கூடப் போகிறான், பெட்டியை வைத்துக்கொள்ள ஒரு மடி வேண்டுமே என்று காரணம் சொல்கிறான். விசிலக்கா முள்ளை எண்ணில்லாத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற இடத்தை எடுக்கும்போது, அவன் அவள் பக்கமாகத் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, அயர்ந்து தூங்குகிறான்.