கலந்தாலோசிக்கப்பட்டோர்

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு நிறுவனம் தன் ஆண்டு மலருக்கு 'மனதைத் தொடும் கதை' கேட்டது. தெரணியகலைத் தேயிலைத் தோட்டத்து லோஜினியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். முப்பத்தொரு வயது. ஆட்டிசம் உள்ளவர். தன்னைப் போன்ற பெரியவர்களைச் சேர்த்துச் சங்கம் நடத்துகிறார்.

நான் எழுதிய முதல் வரி: 'தனக்கென ஓர் உலகத்தில் வாழும் லோஜினி…'

லோஜினியிடம் வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு ஏதுங்க வேற உலகம்? எல்லாரும் போற பஸ்லதான் நானும் தொங்கிக்கிட்டுப் போறேன். வெட்டுங்க."

வெட்டினேன்.

2
நடந்தது இது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான கொள்கை வரைவு பற்றிக் கேகாலையில் கூட்டம். லோஜினியையும் அழைத்திருந்தார்கள், குத்துவிளக்கு ஏற்ற. தாய் சீதாலட்சுமியும் உடன் போனார். விளக்கை ஏற்றிவிட்டு, மேசையில் கிடந்த சிங்கள வரைவை லோஜினி எடுத்து வாசித்தார்.

(முதல் பிரதியில் 'வாசித்தாள்'. கூட்டத் தலைவருக்கு 'ஆர்' போட்ட கை, இவருக்கு மட்டும் ஏன் 'ஆள்' போட்டது?)

வரைவு முழுக்க அந்தப் பெரியவர்கள் 'பிள்ளைகள்'. கடைசிப் பக்கத்தில் 'கலந்தாலோசிக்கப்பட்டோர்' என்ற தலைப்பின் கீழ் லோஜினியின் பெயர். யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

லோஜினி எழுந்து நின்றார். தலைவர் சீதாலட்சுமியிடம் சிங்களத்தில் கேட்டார்: "இவங்களுக்கு இதெல்லாம் விளங்குமா?"

லோஜினி சிங்களத்திலேயே சொன்னார்: "விளங்குது சேர். என்கிட்ட எப்ப கலந்து பேசுனீங்க?"

தலைவர் மறுபடியும் தாயிடம்தான் திரும்பினார்: "அம்மா, மகளைக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்க."

சீதாலட்சுமி எழுந்துவிட்டார். கோயில், பள்ளிக்கூடம், கல்யாண வீடு என்று வாழ்நாளெல்லாம் இதே சொல்லுக்கு எழுந்து பழகிய உடம்பு.

"உட்காருங்கம்மா. நான் எங்கயும் போகல."

தாய் உட்கார்ந்தார்.

கோபத்தில் கைகள் நடுங்க, லோஜினி…

(இந்த வாக்கியத்தையும் அவர் முடிக்க விடவில்லை. "கைய உதறுனது யோசிக்கிறதுக்குங்க. கோபம் என் பேச்சுல இருந்துச்சு. அதை எழுதுங்க.")

எழுதுகிறேன். லோஜினி பேனாவை எடுத்து வரைவில் இருந்த தன் பெயரை அடித்தார். "எங்க ஆளுங்க ரெண்டு பேரு இந்தக் குழுவுல உட்காந்து எழுதணும். அதுவரைக்கும் என் பேரு இதுல இருக்கக் கூடாது."

தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.

3
மலர்க்காரர்களுக்கு நம்பிக்கையூட்டும் முடிவு வேண்டுமாம்.

'தலைவர் எழுந்து வந்து, கைகூப்பி…'

அப்படி நடக்கவில்லை. வரைவு அச்சாகி வந்தது. லோஜினியின் பெயர் அதே இடத்தில் இருந்தது.

"இதுக்கு முடிவு நீங்க எழுதிறாதீங்க," என்றார் லோஜினி. "நாங்க எங்க வரைவ எழுதிக்கிட்டிருக்கோம்."

அடுத்த கூட்டத்தில் அவர்கள் எங்கே உட்காருவார்கள்? எனக்குத் தெரியாது. இதை வாசிக்கும் நீங்கள் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரானால், எழுந்திருங்கள்.