வெயிலில் காய்ந்த புண்ணாக்கு

காலையில் குட்டையில் இன்னும் ஐந்து கட்லா மீன்கள் செத்து மிதந்தன. ஜெயராணி அள்ளிக் கரையில் போட்டாள். பத்து நாளாக அவளுக்கு இதுதான் முதல் வேலை.

"குட்டைய மூடிடலாங்க," என்றாள் கணவனிடம். "என் கையில எந்த உசுரும் தங்க மாட்டேங்குது."

அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அவள் மீனை மட்டும் சொல்லவில்லை என்று சவுரியப்பனுக்குத் தெரியும். 

மீன்வளத் துறையிலிருந்து வந்த நிர்மலா ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெளுத்திருந்தது. வயிற்றைக் கீறினாள். ஈரல் மஞ்சளாக வீங்கியிருந்தது.

"தீவனம் என்னக்கா போடுறீங்க?"

"கடலப் புண்ணாக்கும் தவிடும். நான்தான் ஊற வெச்சுப் போடறேன்."

"பூசணம் புடிச்ச மூட்டை இருந்துச்சா?"

"இல்லீங்க. பாத்துதான் எடுப்பேன்."

சவுரியப்பன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகி இரண்டு மூட்டைப் புண்ணாக்கில் பச்சையாகப் பூசணம் பூத்தது. ஜெயராணி அப்போது மொரப்பூரில் அம்மா வீட்டில் இருந்தாள். பூசணம் பூத்த புளியை வெயிலில் போட்டுத் துடைத்து எடுத்துவைக்கிற வீட்டில் வளர்ந்தவன் அவன். புண்ணாக்கையும் அப்படியே மூன்று நாள் காயவைத்து, துடைத்து, மூட்டை கட்டினான். அவளிடம் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

"காய வெச்சா போயிடாதுங்களா மேடம்?"

"பூசணம் போவும்ணா. அது விட்ட வெஷம் போவாது. வேக வெச்சாலும் போவாது. மாட்டுக்கும் வெச்சிடாதீங்க, பால்ல வரும்."

ஜெயராணி அவனைப் பார்த்தாள்.

"நான்தான் மே," என்றான் மனைவியிடம். "நீ ஊர்ல இல்லாதப்ப. உன் கையில ஒண்ணும் இல்ல."

கோபம் வந்தால் அவள் பேச்சில் 'ங்க' போய்விடும். "புளியும் புண்ணாக்கும் ஒண்ணா உனக்கு? பத்து நாளா என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேனே!" மண்வெட்டியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "மிச்ச மூட்டைய இடுப்பளவு குழி வெட்டிப் பொத. கோழி கெளறக் கூடாது."

எல்லா மீனும் தேறும் என்று நிர்மலா சொல்லவில்லை. சில நாள் பட்டினி போட்டு, பிறகு புதுத் தீவனம் போடச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் ஜெயராணி புதுப் புண்ணாக்கை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டினாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே ஒரு மீன் வந்து கையை முட்டியது.

அவள் கையை எடுக்கவில்லை.

"இங்க வாங்க," என்றாள் மெதுவாக. "நீங்களும் கைய வெய்யுங்க."