சத்தத்துக்கு மார்க்

யேசுராஜுக்குக் காது மந்தமாகி இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், அந்த மனுஷன் சம்பளம் வாங்குவதே பாதி காதுக்குத்தான்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற பக்கம் டயர்களை ஓட்டிப் பார்த்து மார்க் போடுகிற சோதனை நிலையம் ஒன்று. அங்கே அவர் டிரைவர். சும்மா டிரைவர் இல்லை. புது டயர் கடைக்கு வருவதற்கு முன்னால் அதை ஜீப்பில் மாட்டி, தார் ரோட்டிலும் சேற்றிலும் கல்லிலும் ஓட்டி, பத்துக்கு இத்தனை என்று சொல்லுகிற டிரைவர். சத்தம் எவ்வளவு என்று மைக் வைத்தால் அளந்துவிடலாம். அந்தச் சத்தம் மனுஷனுக்கு எவ்வளவு எரிச்சல் என்று மைக் சொல்லுமா? அதற்கு ஒரு மனுஷக் காது வேண்டும். அந்தக் காதுதான் போய்விட்டது.

ஒரேயடியாகப் போய்த் தொலைந்திருந்தால்கூட நாலு பேரிடம் சொல்லியிருப்பார். அது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. முதலில் குக்கர் விசில். அப்புறம் போன் மணி. அப்புறம் ஒருநாள் ஜீப்புக்குள் டயரின் ஊளை. எதிரே நின்று உரக்கப் பேசினால் கேட்கும். உதட்டைப் பார்த்து மீதியை ஒப்பேற்றிக்கொள்வார். வருஷத்துக்கு ஒருதரம் மெடிக்கல் கேம்ப் நடக்கும். ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்பார்கள். யேசுராஜ் மிஷினை அமுக்குகிறவரின் தோளையே பார்ப்பார். தோள் அசைந்தால் இவர் கை மேலே போகும். பாஸ்!

காது கேட்காத ஆளை ரோட்டுச் சோதனைக்கு ஸ்டியரிங்கில் உட்காரவிட மாட்டார்கள், அது நிலையத்தின் விதி. ஸ்டியரிங் போய்விட்டால் யேசுராஜ் என்ன ஆவார்? கிடங்கில் டயர் உருட்டலாம். கேட்டில் நின்று சல்யூட் அடிக்கலாம். இருபது வருஷமாக, "யேசண்ணா சொல்லிட்டாரா? அப்ப சரி" என்று பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் ஒத்துக்கொண்ட வாய் அது. அந்த மரியாதையை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியாது. அதனால்தான் பயம். ராத்திரி தூக்கம் வராத அளவுக்குப் பயம்.

எந்தத் தரையிலும் ஓட வேண்டிய ஆல் டெரெயின் டயர் இருக்கிறதே, அது ஒரு சங்கடமான பிறவி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சேற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டுமானால் டயர் மேல் பெரிய ரப்பர் பட்டன்களும் நடுவில் அகலமான சந்தும் வேண்டும். அதே சந்து தார் ரோட்டுக்கு வந்தால் காற்று மாட்டிக்கொண்டு 'ஊய்ங்' என்று கத்தும். சத்தம் வேண்டாமென்று பட்டன்களை நெருக்கினால் சேற்றில் வழுக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து எது தேவலை என்று சொல்ல வேண்டும். பட்டனைப் பார்த்தே சத்தத்தைச் சொல்லிவிடலாமே என்றால், இப்போது வருகிறதெல்லாம் கள்ள டயர். பட்டன்களை முன்னே பின்னே மாற்றி அடுக்கி ஊளையை அமுக்கிவிடுகிறார்கள். பார்த்தால் புலி, ஓட்டினால் பூனை. சிலது நேர்மாறு.

பின்னே இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார்? டெனிசன் முகத்தைப் பார்த்துத்தான்!

ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் ஒருவர். தனித்தனியாக மார்க் போட வேண்டும். நடுவில் பேசிக்கொள்ளக் கூடாது. பக்கத்து சீட் டெனிசன் நல்ல பையன். முகத்தில் எதையும் ஒளிக்கத் தெரியாது. டயர் கொஞ்சம் கத்தினால் மூக்கு சுருங்கும். நிறையக் கத்தினால் ஒரு கண் மூடிக்கொள்ளும். யேசுராஜ் ஓரக்கண்ணால் பார்த்து, மூக்குக்கு ஆறு, கண்ணுக்கு நாலு என்று போட்டுவிடுவார். இரண்டு பேர் மார்க்கும் ஒத்துப்போகும். "அனுபவம்னா இதான்யா" என்று டீம் லீடர் வசந்தகுமார் மெச்சிக்கொள்வான்.

அந்த டெனிசன் போன மாதம் ஓசூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். யேசுராஜ் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். என்ன பாசம் பார் என்று எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள்.

அவன் இடத்துக்கு வந்தவள் சசிரேகா. வாலாஜாபாத் பெண். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்திருந்தாள். நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்பது அந்த மாதக் கடைசியில் முடிவாகும். வண்டியில் ஏறியதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேரே பார்த்து உட்கார்ந்துவிடுவாள். முகமா அது? மூடின ஷட்டர்.

அன்றைக்கு இரண்டு செட் டயர். பேரெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு ஒன்றில் சிவப்பு, ஒன்றில் நீலம் என்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். எது யாருடையது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது.

முதலில் சிவப்பு. ரோட்டில் வண்டி வேகம் பிடித்தது. ஸ்டியரிங்கில் மெல்லிசாக ஒரு அதிர்வு வந்தது யேசுராஜின் உள்ளங்கைக்குத் தெரிந்தது. கத்துகிறதோ? ஓரக்கண்ணால் பார்த்தார். சசிரேகா மாதா சிலை போல உட்கார்ந்திருந்தாள். சரி, சத்தமில்லை போலிருக்கிறது என்று எட்டு போட்டார்.

அப்புறம் நீலம். இரண்டாவது சுற்றிலேயே அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். கையைக் கொண்டுபோய்க் காதுக்குக் கீழே அழுத்திக்கொண்டாள். அடேயப்பா, டெனிசன்கூட இப்படித் துடித்ததில்லை! யேசுராஜ் இரக்கப்பட்டு மூன்று போட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு சேற்றுக் குழி. அங்கே அவருக்கு யார் முகமும் தேவையில்லை. நீல டயரின் சந்தில் சேறு அப்பிக்கொண்டது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சிவப்பு சேற்றை உதறிவிட்டு முக்கி முனகி மேலே ஏறிவந்தது. இடுப்பும் கையும் சொன்னதை அப்படியே மார்க்காகப் போட்டார். நிம்மதியாக இருந்தது.

மாலையில் வசந்தகுமார் இரண்டு பேரையும் கூப்பிட்டான். அவனுக்கு முகம் கடுத்திருந்தது.

"சேத்துல ரெண்டு பேரும் கரெக்டா ஒத்துப்போறீங்க. ரோட்டுல மட்டும் இன்னா இது? சிவப்புக்கு அண்ணா எட்டு, நீ மூணு. நீலத்துக்கு அண்ணா மூணு, நீ எட்டு. அப்படியே தலைகீழா கீது. கலரை மாத்திப் போட்டுட்டியா சசிரேகா?"

"இல்ல சார். சிவப்புதான் கத்துச்சு."

"யேசண்ணா இருபது வருஷமா போடறாரு. அவர் காதுக்குக் கேக்காதது உன் காதுக்குக் கேட்டுதா?"

யேசுராஜ் வாயைத் திறக்காமல் நின்றார். நின்றால் போதும், தப்பித்துக்கொள்ளலாம். வசந்தகுமார் தன் பக்கம், நிலையமே தன் பக்கம்.

"இதுல தப்பு பண்ணா எதுல சரியா பண்ணுவ? மாசக் கடைசில உனக்காக நான் இன்னான்னு எழுதறது?" என்றான் வசந்தகுமார்.

சசிரேகா ஏதோ முணுமுணுத்தாள். அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் உதடு தெரிந்தது. 'நான்தான் மாத்திட்டேன் போல சார்' என்றது அந்த உதடு. ஷட்டர் மாதிரி இருந்த முகம் திறந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் நின்றது. கேட்டதைக் கேட்டபடி சொன்ன பிள்ளை, கேட்காத கிழவனுக்காகத் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறது. சே, இதென்ன பிழைப்பு! யேசுராஜுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"வசந்து, அந்தப் பொண்ணு போட்டதுதான் கரெக்டு. எனக்கு காது கேக்காது" என்றார்.

"இன்னாண்ணா சொல்ற?"

"கேக்காதுப்பா. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. டெனிசன் மூஞ்சப் பாத்து மார்க் போட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கு இது மூஞ்சப் பாத்துப் போட்டேன். நீலத்துல கண்ண மூடிக்கினு தவிச்சுது. அதான் மூணு."

சசிரேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். "அண்ணா, எனக்குப் பல்லு வலிண்ணா! கடவாப் பல்லு. காலைல போட்ட மாத்திரை நீலத்துல ஏறும்போது வேலை செய்யாம போயிடுச்சு."

"சிவப்புல ஒண்ணுமே தெரியாத மாதிரி குந்திக்கினு இருந்தியேம்மா?"

"மூஞ்சில எதையும் காட்டக் கூடாதுன்னு டிரெய்னிங்ல சொன்னாங்கண்ணா."

வசந்தகுமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யேசுராஜும் சிரித்தார். பல் வலிக்குப் போய் டயருக்கு ஃபெயில் மார்க் போட்டவர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். வசந்தகுமார்தான் முதலில் சிரிப்பை நிறுத்தினான்.

"ரோட்டு வண்டி இனிமே குடுக்க முடியாதுண்ணா" என்றான் வசந்தகுமார், அவர் எதிரே வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாக. "நாளைக்கு காது டாக்டர்கிட்ட போயிட்டு வா. சேத்து டிராக்குக்கு உன்னை வெச்சுக்கலாமான்னு நான் மேல கேட்டுப் பாக்கறேன். ஆனா வாக்கு குடுக்க முடியாது."

கம்பெனி பஸ்ஸில் குன்றத்தூர் வருகிற வழியெல்லாம் யேசுராஜ் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாகவே அவருக்கும் மனைவி செல்வமேரிக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. மகள் ஜெர்சியைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் இரண்டே பேர். அவள் சோறு போடுவாள், அவர் சாப்பிடுவார், டிவி தன்பாட்டுக்கு ஓடும். வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்.

செல்வமேரி வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டார்.

"மேரி, எனக்கு காது மந்தமாயிடுச்சு. ரொம்ப நாளா கீது. இன்னிக்கு ஆபீஸ்ல தெரிஞ்சுபோச்சு. ரோட்டு வண்டி இனிமே குடுக்க மாட்டாங்க. வேலை நிக்குமா போவுமான்னு தெரியல."

திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தால், அவள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து எதிரே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு."

"ஜெர்சி கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடியேதான். ஏன்?"

"கல்யாணத்தன்னிக்கு சம்பந்திங்க எதிர்ல நான் சொன்னது?"

"இன்னா சொன்ன?"

செல்வமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"பிரியாணி லேட்டாச்சுன்னு ஆத்திரத்துல, இந்த ஆளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், குடும்பம் ஓட்டத் தெரியாதுன்னு அத்தினி பேர் எதிர்ல கத்தினேனே! நீ திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டியே. அன்னிலேர்ந்து கூப்ட்டா திரும்ப மாட்டேன்ற, கேட்டா பதில் சொல்ல மாட்டேன்ற. மனசு வுட்டுப் போச்சுன்னு நெனச்சேன்."

"எனக்குக் கேக்கவே இல்ல மேரி."

"தெனம் படுக்கும்போது உன் முதுகாண்ட மன்னிச்சுக்கோயா, மன்னிச்சுக்கோயான்னு சொல்லிக்கினு இருந்தேனே, பாவி மனுசா! ஒரு நாளாவது திரும்பினியா நீ?"

ஸ்டியரிங் போனபோது வராத அழுகை யேசுராஜுக்கு இப்போது வந்தது. இரண்டு வருஷமாக ஒருத்தி இருட்டில் தன்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் பாட்டுக்கு, காது போனது வெளியே தெரிந்துவிடுமோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

"இப்ப சொல்லு" என்றார்.

"போய்யா."

"சொல்லு மேரி. கேக்கற மாதிரி சொல்லு."

செல்வமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, மூச்சைப் பிடித்து, தெருவே அதிரக் கத்தினாள்.

"மன்னிச்சுக்கோயா!"

எதிர்வீட்டு சந்திரலேகா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "இன்னாக்கா ஆச்சு?" என்று பதறினாள். அது யேசுராஜுக்குக் கேட்கவில்லை. செல்வமேரி சொன்னது முழுசாகக் கேட்டது.