மாமனார் கொண்டுவந்த எள்

"எள்ளு எங்கம்மா? உன் வூட்டுக்காரரு ஈரத்துணியோட நிக்கறாரு பாரு!" என்று வாசலிலிருந்து சடங்கு செய்கிறவர் மறுபடியும் கத்தினார்.

சுஜாதா எள் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றாள். கொடுக்கவும் பயம், இல்லை என்று சொல்லவும் பயம். அவள் யோசித்து முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் வந்து பாதி எள்ளைச் சொம்பில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். சொந்த வீட்டில் டம்ளரை நகர்த்தி வைக்காதவள், அடுத்த வீட்டுச் சாவு என்றால் பம்பரம்.

கிடத்தியிருந்தது சுஜாதாவின் மாமனார் நாராயணப்பன். காலையில் இட்லி தின்று கை கழுவ எழுந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தார். குந்தாரப்பள்ளிக்கு வெளியே ஒரு விதைக் கம்பெனியின் சோதனை வயலுக்குக் காவல்காரர். எள்ளின் மரபணுவில் கைவைத்து, விதையில் எண்ணெய் கூடுகிறதா என்று பார்க்கிற வயல். சுற்றிலும் வலை, கேட்டில் பூட்டு. விளைந்ததைச் சோதித்துவிட்டு மிச்சத்தைக் கொளுத்திவிடுவார்கள். ஒரு பொட்டுகூட வெளியே போகக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. ஆயுசு முழுக்க எள் விதைத்த மனுஷனைக் காவலுக்கு நிறுத்தி, அவர் கண்ணெதிரிலேயே எள்ளைக் கொளுத்தினால் கை சும்மா இருக்குமா? சாப்பாட்டு டப்பாவில் கைப்பிடி கைப்பிடியாக வீடு வந்து சேர்ந்தது.

"யாருகிட்டயும் மூச்சு வுடாத. கையில தேச்சாலே எண்ணெ கசியுது பாரு. இதப்போயி எரிக்கறானுங்க, பாவிங்க" என்றார்.

அவளும் வறுத்து இடித்து இட்லிப்பொடி ஆக்கினாள். எள் சூடு என்று அவள் தொடுவதில்லை. கணவன் பிரகாஷுக்கு ஓசூர் கம்பெனி கேன்டீன் சாப்பாடு. தின்றது மாமனாரும் அவள் மகள் பாப்பாவும்தான்.

மாரடைப்பு என்றார் டாக்டர். அதோடு விட்டால் அது தெருவா? பீடி என்றார்கள், சர்க்கரை என்றார்கள், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றார்கள். "மருமவ சமையலா இருக்கும்" என்று ஒருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். சிரித்தவள் மறந்திருப்பாள். சுஜாதாவின் கண் இட்லிப்பொடி டப்பாவுக்குப் போனது.

உள்ளறைக்கு ஓடினாள். வெளியே மேளம் காதைப் பிளக்க, பாப்பா அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தச் சத்தத்தில் ஒரு குழந்தை தூங்குமா? மூக்கருகே விரலை வைத்தாள். மூச்சு வந்தது. நின்றுவிடுமோ என்று விரலை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் விதைக் கம்பெனி ஆபீசர் தமிழரசன் மாலையோடு வந்து இறங்கினார். அந்த எள்ளில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் கேட்டால், கிடத்தியிருக்கிற மனுஷன் இந்தத் தெருவுக்கே திருடன் ஆவார். சுஜாதா கதவைப் பிடித்துக்கொண்டு பிணத்தைப் பார்த்தாள், திரும்பிப் பாப்பாவைப் பார்த்தாள். பிறகு நேராக அவரிடம் போனாள்.

"சார், அந்த எள்ளத் தின்னா என்னா ஆவும்?"

"எந்த எள்ளு?"

"வயல்லேர்ந்து மாமா கொண்டாந்தது."

தமிழரசன் முகம் வெளுத்துப்போனது. "எங்க இருக்கு?"

அவள் வாசலைக் காட்டினாள். பிரகாஷ் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் சாக்கடையைப் பார்த்து ஓடியது. அவர் இஸ்திரி போட்ட பேண்ட்டோடு சேற்றில் மண்டியிட்டு, எள்ளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தார்.

"அய்யோ, அழுவறாரு பாருங்கடி! பெத்த புள்ளகூட இப்பிடி உருகலியே!" என்றாள் சென்னம்மாள். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பெத்த பிள்ளை தலை குனிந்தான்.

சுஜாதா டப்பாவோடு அவர் எதிரில் குந்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "புள்ள தின்னிருக்குது சார். தெனமும்."

அவர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "ஒண்ணும் ஆவாதும்மா. எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். பயப்படாதீங்க."

சுஜாதாவுக்கு மூச்சு திரும்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டப்பாவை நீட்டினாள். "இதுல சேறு இல்ல சார். ரெண்டே ரெண்டு, வாயில போடுங்க. நான் கண்ணால பாத்தா போதும்."

அவர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அது... ரூல்ஸ்ல இல்லம்மா."

கர்ச்சீப்பை விரித்து, டப்பாவில் இருந்ததையும் கையில் இருந்ததையும் கொட்டி முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சு.

உள்ளே பாப்பா விழித்துக்கொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

சுஜாதா எழுந்திருக்கவில்லை. தமிழரசன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். உதறினார். கையை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் சோப்பை எடுத்தார்.